காயா போத்தலில் செராய்த் தண்ணீர்: பழைய கண்ணாடியைத் தயார் செய்யும் முறை

செராயோ (எலுமிச்சைப் புல்) ரோஜா இதழோ சட்டியில் போட்டு, ஆவியில் வாசனைத் தண்ணீர் இறக்குகிறவர்கள் அடுப்பைக் கவனிக்கிற அளவுக்குப் போத்தலைக் கவனிப்பதில்லை. அரைக் கிலோ செராயை நறுக்கி, ஒரு மணி நேரம் கேஸ் எரித்து, இறங்கிய முந்நூறு மில்லியைச் சம்பால் வாசம் போகாத போத்தலில் பிடித்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

கண்ணாடி வாசத்தை உறிஞ்சாது. போத்தல் நாறுகிறது என்றால் அந்த நாற்றம் மூடியில் இருக்கிறது, அல்லது கண்ணாடியின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்த எண்ணெயில் இருக்கிறது. இது ஒரு தொல்லை. இன்னொன்று சோப்பு. சரியாக அலசாத பாத்திர சோப்பு செராய் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் கலக்கி வைத்துவிடும். மேலே மிதக்க வேண்டிய மஞ்சள் எண்ணெய் மிதக்காது. முழுவதும் பால் கலந்ததுபோல் நிற்கும். “எண்ணெயே வரவில்லை” என்று செராயைக் குறை சொல்வதற்கு முன் போத்தலைச் சந்தேகப்படுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். இங்கே பேசுவது வாசனைத் தண்ணீரைப் பற்றி மட்டும்தான். உரிமம் இல்லாமல் வீட்டில் மது இறக்குவது மலேசியாவில் 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி குற்றம். சம்சு என்கிற மலிவுச் சாராயம் நம் தோட்டப்புற வீடுகளை என்ன செய்தது என்று யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் செத்ததும் மறந்திருக்காது.

எந்தப் போத்தல், எது வேண்டாம்

இறங்குகிற தண்ணீரைப் பிடிக்க வாயகன்ற போத்தல் வேண்டும்: காயா (தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த ஜாம்), ஜாம், தேன், இன்ஸ்டன்ட் காப்பி வந்த 300 முதல் 500 மில்லி போத்தல்கள் சரியான அளவு. கை உள்ளே போகிற அகலம் இருந்தால் பாதி வேலை குறையும். சேமித்து வைக்க, பழுப்பு நிறத்தில் சின்னதாக இருப்பது நல்லது. வெளிச்சம் பட்டால் வாசனை சீக்கிரம் மட்டமாகும். கோழி எசன்ஸ் குடிக்கிற வீட்டில் 70 மில்லி பழுப்புப் போத்தல்கள் மாதம் பத்தாவது சேரும். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த மூடி மட்டும் உதவாது, காரணம் கீழே வரும்.

ஊறுகாய் போத்தலும் சம்பால் பெலாச்சான் (இறால் விழுது சேர்த்த மிளகாய்ச் சம்பால்) போத்தலும் கண்ணாடியளவில் சுத்தமாகிவிடும், மூடியை மாற்றினால் போதும். தைலப் போத்தல்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். கற்பூர வாசம் பிளாஸ்டிக் மூடியையும் உள்ளடைப்பையும் விட்டுப் போகவே போகாது. மண்ணெண்ணெய், தின்னர், பூச்சிமருந்து இருந்த போத்தல் எத்தனை தடவை கழுவினாலும் அடுக்களைக்குள் வரக்கூடாது. பினாங்கு லோரோங் கூலிட் மாதிரி பழைய சாமான் சந்தைகளில் அழகழகான பழங்காலப் போத்தல்கள் கிடைக்கும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது, ஆகவே அவை அலமாரிக்கு. பளிங்குபோல் மின்னுகிற கனத்த கிரிஸ்டல் குடுவையில் ஈயம் இருக்கலாம், அதுவும் வேண்டாம்.

தேர்ந்தெடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். வாய் விளிம்பில் விரலை ஓட்டாமல் ஈரத் துணியை ஓட்டுங்கள். நூல் மாட்டினால் அங்கே சில்லு போயிருக்கிறது. அடிப்பக்கத்தில் பிறைபோல் மெல்லிய கோடு தெரிந்தால் அது விரிசல். கொதிநீரில் போட்டதும் அடி தனியாகக் கழன்றுவரும்.

லேபிளை முதலில் எடுங்கள்

உள்பக்கத்தைத் தேய்த்து முடித்துவிட்டு லேபிளுக்கு வந்தால், பசையும் எண்ணெயும் பட்ட கையால் மறுபடி உள்ளே தொட வேண்டிவரும். வெளியே முடித்துவிட்டுத்தான் உள்ளே.

ஒரு லிட்டர் சுடுநீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. கை பொறுக்காத, ஆனால் கொதிக்காத சூடு, ஏறத்தாழ 60 டிகிரி. அரை மணி நேரம் ஊறினால் தாள் லேபிள் தானே சுருண்டு வரும். சலவை சோடா என்பது ஆப்ப சோடா அல்ல. அதைவிடக் காரம் கூடியது, எண்ணெய்ப் பிசுக்கை அறுப்பதும் அதுதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டியில் கரைக்காதீர்கள், சட்டி கறுத்து அரித்துப்போகும். எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் வாளி போதும். கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஆப்ப சோடாவைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரமும் கரியமில வாயுவும் போய்ச் சலவை சோடா மிஞ்சும். 100 கிராம் போட்டால் 63 கிராம் அளவுக்கு வரும். எடை அந்த அளவுக்குக் குறைந்துவிட்டதா என்று பார்த்தாலே வேலை முடிந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

பிளாஸ்டிக் லேபிளுக்கு ஊறல் உதவாது. முடி உலர்த்தும் கருவியை ஒரு நிமிடம் காட்டி, ஓரத்தைக் கிள்ளி, மெதுவாக ஒரே இழுப்பில் உரியுங்கள். அவசரப்பட்டால் மேல்தோல் மட்டும் வந்து பசை தங்கிவிடும்.

தங்கிய பசை தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் மசியும். சமையல் எண்ணெயும் ஆப்ப சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி இருபது நிமிடம் விட்டுத் தேய்த்தால் உருண்டை உருண்டையாக வரும். ஆரஞ்சுத் தோலில் இறக்கிய எண்ணெய் இரண்டு சொட்டு இருந்தால் இன்னும் சுலபம், அதிலுள்ள லிமொனீன் பசையைக் கரைக்கும். பசையைக் கரைக்கிற அந்தக் குணம்தான் பின்னால் மூடியின் உள்வளையத்தையும் பதம் பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள். மூடிமேலும் அடியிலும் அச்சடித்த தேதி எழுத்துகள் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குப் போய்விடும்.

இரும்பு நாரும் கம்பித் தூரிகையும் ஆகாது. கீறல் விழுந்த கண்ணாடி சூட்டுக்குச் சீக்கிரம் உடையும், கீறலுக்குள் அழுக்கும் தங்கும்.

உள்பக்கம்

சம்பால், கடலை வெண்ணெய், மயோனைஸ் இருந்த போத்தலை நேராகத் தண்ணீரில் நனைக்காதீர்கள். முதலில் டிஷ்யூவால் துடைத்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். எண்ணெய் குழாய்க்குள் போய் அடைத்தால் பிளம்பருக்குக் கொடுக்கிற காசில் புதுப் போத்தல் ஒரு டஜன் வாங்கலாம். பிறகு அதே சலவை சோடாத் தண்ணீரை நிரப்பி, பிசுக்கு லேசாக இருந்தால் ஒரு மணி நேரம், காப்பியோ பெலாச்சானோ என்றால் இரவு முழுதும். காலையில் ஊற்றும்போது தண்ணீர் பழுப்பாக வரும்.

கை போகாத குறுகிய கழுத்துக்குப் பச்சரிசி. இரண்டு கரண்டி அரிசி, போத்தலில் கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரே ஒரு சொட்டு சோப்பு. வாயை உள்ளங்கையால் அடைத்து ஒரு நிமிடம் வட்டமாகச் சுழற்றிக் குலுக்குங்கள். மேலும் கீழும் குலுக்கினால் அரிசி நடுவில்தான் ஓடும். சுழற்றினால்தான் மூலையில் மோதும்.

வெள்ளைப் படலம் தெரிந்தால் கொஞ்சம் வினிகர் ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். போனால் உப்புப் படிவு. போகாவிட்டால் பாத்திரம் கழுவும் எந்திரத்தில் பலமுறை போய்க் கண்ணாடியே அரித்திருக்கிறது. சுத்தமானதுதான், ஆனால் உள்ளே இருப்பது கலங்கியிருக்கிறதா என்று பார்க்க முடியாது என்பதால் வேறு வேலைக்கு ஒதுக்குங்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீர், உப்புக் குறைவு. அதனால் இங்கே பார்க்கிற வெள்ளைப் படலத்தில் பாதிக்கு மேல் சோடாவோ சோப்போ காய்ந்ததாகத்தான் இருக்கும்.

மூடியில் கரும்பூசணம் பிடித்தால் மூடியை எறியுங்கள். போத்தலிலேயே பிடித்திருந்தால் மட்டும் பிளீச்: வாசனை சேர்க்காத சாதா வகை, ஐந்து விழுக்காடு உள்ளது, லிட்டருக்கு 4 மில்லி, ஐந்து நிமிடம், பிறகு நன்றாக அலசல். பிளீச்சையும் வினிகரையும் ஒரே வேளையில் எடுக்கவே எடுக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் அடைத்த அடுக்குமாடி அடுக்களையில் அது விளையாட்டு இல்லை.

அலசல்

போத்தலை விளிம்பு வரை நிரப்பி ஒரே தடவை கொட்டுவது வீண். 500 மில்லி போத்தலைக் கவிழ்த்தாலும் சுவரில் ஒட்டி 5 மில்லி மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க நிரப்பிக் கொட்டினால் சோப்பு நூறில் ஒரு பங்காகக் குறையும். அதற்குப் பதில் 100 மில்லி ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் இருபதில் ஒரு பங்கு; இரண்டாம் தடவை நானூறில்; மூன்றாம் தடவை எட்டாயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் செலவு 300 மில்லிதான். தண்ணீர் வெட்டு நாளில் இந்தக் கணக்கு கைகொடுக்கும். வெட்டு முடிந்து தண்ணீர் திரும்பி வருகிற அன்று கடைசி அலசலை ஒத்திப்போடுங்கள். முதலில் வருகிற கலங்கலில் துருவும் மண்ணும் இருக்கும். எந்த நாளானாலும் கடைசி ஒரு தடவையைக் கொதித்து ஆறிய தண்ணீரால் முடித்தால் குளோரின் வாசம் தங்காது.

சோப்பு போய்விட்டதா? சுத்தத் தண்ணீர் இரண்டு விரல் அளவு ஊற்றி வாயை மூடிப் பத்துத் தடவை குலுக்குங்கள். நுரை ஒரு நொடியில் அடங்க வேண்டும். ஓரத்தில் மெல்லிய நுரை வளையம் நின்றால் இன்னும் அலச வேண்டும்.

எண்ணெய் போய்விட்டதா? இதற்கு ஆய்வுக்கூடக்காரர்கள் செய்கிற சோதனையே போதும். சோப்பை முழுக்க அலசிய பிறகு போத்தலுக்குள் தண்ணீரை ஊற்றிச் சாய்த்து வடிய விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே மெல்லிய தோலாக, உடையாமல், கண்ணாடியே நனைந்ததுபோல் இறங்கும். எண்ணெய் இருக்கிற இடத்தில் அந்தத் தோல் பிளந்து, ஓரம் பின்வாங்கி, முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், வாழையிலைமேல் விழுந்த தண்ணீர் மாதிரி. பெரும்பாலும் தோளுக்குக் கீழே உள் வளைவில்தான் பிளக்கும். தேய்க்கிற கை அங்கேதான் சறுக்கிப் போகும். அந்த இடத்தை மட்டும் மறுபடி சோடாவால் தேய்த்தால் போதும். சோப்பு மிச்சமிருந்தால் எண்ணெய் இருந்தும் தண்ணீர் திரளாமல் ஏமாற்றும், அதனால்தான் நுரைச் சோதனை முதலில்.

மூடி

எந்தக் காயா மூடியையும் திருப்பிப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி வெள்ளையோ சாம்பலோ நிறத்தில் மென்மையான ரப்பர்போல் ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட பிவிசி பிளாஸ்டிக் அது. வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே பல்குச்சி நுனியை விட்டு ஒரு சுற்று ஓட்டி வெளியே எடுங்கள். நன்றாகக் கழுவியதாக நினைத்த சம்பால் மூடியிலிருந்து குச்சி நுனியில் ஆரஞ்சு நிறமாக எண்ணெய் ஒட்டி வரும். எந்தத் தூரிகையும் அங்கே போகாது. வளையமே வாசத்தை உறிஞ்சியும் வைத்திருக்கும், கொதிக்க வைத்தாலும் விடாது. போதாததற்குச் செராய், ஆரஞ்சு எண்ணெய்கள் அந்த வளையத்தை இளக்கி, கொழகொழப்பாக்கி, பழைய வாசத்தைத் தண்ணீருக்குள் இறக்கும்.

எனவே மூடிகளை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். வாசனைத் தண்ணீருக்குப் பாலிப்ரொப்பிலீன் (PP) பிளாஸ்டிக் மூடி போதும். பிரித்தெடுத்த எண்ணெய்க்கு டெஃப்லான் உள்வட்டு வைத்த மூடியுள்ள சின்னப் பழுப்புப் போத்தல்தான் சரி. ரப்பர் குமிழ் வைத்த துளிக்குழாயைப் போட்டே எண்ணெயை மூடி வைக்காதீர்கள், சில வாரத்தில் குமிழ் ஊதிப் பிசுபிசுக்கும். கம்பிக் கொக்கி வைத்த ஜாடி பார்க்க அழகு, அதன் ரப்பர் வளையமும் வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலிக்கோன் வளையமும் அப்படியே.

பழைய மூடி ஒன்றை வைத்துக்கொள்ளத்தான் ஆசை என்றால், போத்தலுக்குள் ஒரு கரண்டி சுடுநீர் ஊற்றி, அந்த மூடியால் மூடி, இரவு முழுதும் தலைகீழாக வையுங்கள். காலையில் திறந்ததும் முகர வேண்டும், சமைப்பதற்கு முன்னால், காப்பி குடிப்பதற்கு முன்னால். ஒரு துளி சந்தேகம் வந்தாலும் குப்பைக்கு.

கொதிக்க வைத்தல்

பெரிய சட்டியின் அடியில் மடித்த துணி விரியுங்கள். துணி இல்லாவிட்டால் போத்தல் அடி சட்டியோடு நேராக மோதிச் சூடேறி உடையும். போத்தலைப் படுக்க வைத்து, உள்ளே காற்றுக்குமிழி தங்காமல் தண்ணீரை நிரப்புங்கள், ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். குளிர்ந்த தண்ணீரிலேயே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்த நேரத்திலிருந்து பத்து நிமிடம். கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் பத்தே போதும். கேமரன் மலையில் இருக்கிறவர்கள் உயரத்தில் 300 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கூட்டி, பதினைந்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

காயா போத்தல் சாதாரண சோடாக் கண்ணாடி. திடீரென்று 40 டிகிரிக்கு மேல் சூடு மாறினால் அதை நம்ப முடியாது. கொதியிலிருந்து எடுத்து ஈரமான மார்பிள் மேடையில் வைத்தால் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மரப்பலகை அல்லது மடித்த உலர்ந்த துணிமேல் வையுங்கள். ஏர்கோன் காற்றும் மின்விசிறியும் நேராகப் படக்கூடாது. அடுப்பின்மேல் நேராக வைத்து எதையும் காய்ச்சவும் இந்தப் போத்தல் உதவாது.

காயவைப்பதில்தான் நம் ஊர்க் காற்று எதிரி. சுத்தமான போத்தலைத் துண்டின்மேல் கவிழ்த்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, மறுநாள் ஊசிய துணி வாசம் அடிக்கும். கம்பித் தட்டில் சாய்வாகக் கவிழ்த்து, கீழே காற்று போகும்படி வையுங்கள். ஓவன் இருந்தால் இன்னும் நல்லது: குளிர்ந்த ஓவனுக்குள் வைத்து 110 டிகிரிக்கு ஏற்றி இருபது நிமிடம், அணைத்துவிட்டு உள்ளேயே ஆற விடுங்கள். உள்பக்கத்தைத் துணியால் துடைப்பது கொதிக்க வைத்ததையே கெடுக்கும்.

ஓவன் இல்லை, அவசரம் என்றால் 70 விழுக்காட்டு ஆல்கஹாலை இரண்டு மில்லி ஊற்றிச் சுவரெல்லாம் நனையச் சுழற்றி, கொட்டிவிட்டு, தானாக உலர விடலாம். அடுப்பு எரிகிற இடத்தில் வேண்டாம். 95 விழுக்காடு இன்னும் வலுவாக இருக்கும் என்று வாங்க வேண்டியதில்லை. கிருமியைக் கொல்ல அந்தக் கொஞ்சம் தண்ணீர் தேவை, 95 வேலை செய்வதற்குள் பறந்துவிடும்.

பிடிக்கும்போதும் வைக்கும்போதும்

இறங்குகிற முனையில் போத்தலை வாய் திறந்தே வையுங்கள். ஈ விழும், தூசி விழும் என்று மூடியில் துளையிட்டுக் குழாயை இறுக்கமாகச் சொருகினால் ஆவிக்குப் போக்கிடம் இல்லாமல் சட்டியில் அழுத்தம் ஏறும். சுத்தமான மெல்லிய துணியைத் தளர்வாகப் போர்த்தினால் போதும். ஆவியைக் குளிர்விக்க வைத்த ஐஸ் கரைந்துபோனால் தண்ணீருக்குப் பதில் கொதி ஆவியே குளிர்ந்த போத்தலுக்குள் பாயும், அடி விடும். ஐஸை அப்பப்போ மாற்றுங்கள். முதலில் இறங்குகிற 20 மில்லியைக் கொண்டு போத்தலை ஒரு சுற்று அலசிக் கொட்டிவிட்டுப் பிடித்தால் கடைசிச் சோப்பு வாசமும் போய்விடும்.

மேலே மிதக்கிற எண்ணெய் சில மில்லிதான் வரும். பிரித்த பிறகு தண்ணீரைச் சின்னப் போத்தல்களில் கழுத்து வரை நிரப்புங்கள், காற்று குறைய வேண்டும். மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் தேதி எழுதி ஒட்டுங்கள். மையால் எழுதினால் எண்ணெய் பட்டு அழியும். நேராக ஃபிரிஜ்ஜுக்குள். இதில் பாதுகாப்பு மருந்து எதுவும் இல்லை, வெளியே வைத்தால் சில வாரத்தில் கிருமி பிடிக்கும். மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தால் பஞ்சு நூல்போல் ஏதாவது மிதந்தாலோ, புளித்த வாசம் வந்தாலோ செடிக்கு ஊற்றிவிடுங்கள். பூக்கடை ரோஜாவில் இறக்கிய பன்னீரைச் சுத்தமான போத்தலில் பிடித்தாலும் வாயில் படக்கூடாது. கடைப் பூவுக்கு மருந்தடித்திருப்பார்கள். அது பூஜைக்கும் கல்யாண வீட்டில் தெளிக்கவும்தான்.

கழுவிக் காய்ந்த காலிப் போத்தலை மூடி இறுக்கி அடுக்காதீர்கள். சிறிது ஈரம் மிஞ்சியிருந்தாலும் பூசணம் வரும். மூடியைத் தனியே வைத்து, வாயைத் துணியால் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் இருந்ததை மறுபடி பத்து நிமிடம் கொதிக்க வைத்த பிறகே எடுக்க வேண்டும்.